சதாசிவன் சொல்லாத சொல்

கொட்டாரத்துக் காவல்காரன் சதாசிவன் எங்க அப்பாக்க செருப்பைக் கழத்தச் சொல்லல்ல. இதை நான் முதல்லயே சொல்லிப்போடுதேன். ஏன்னா, இது தெரிஞ்ச ஆளு உலகத்துல மூணே மூணு பேராக்கும். ஒண்ணு சதாசிவன், அவன் சொன்னா ஆரும் கேக்க மாட்டாங்க. ஒண்ணு எங்க அப்பா எலியா, அவரு சொல்ல மாட்டாரு. மிச்சம் நான்.

எனக்க பேரு ஜெயபாய். உதியன்குளங்கரை முக்குல லேடீஸ் டெய்லரிங் கடை வச்சிருக்கேன். வாய் இத்திரி நீளம்தான். பிளவுசைக் கெடுத்துப்போட்டேன்னு சண்டைக்கு வந்தவளுக எல்லாம் கடைசியில மன்னிப்புக் கேட்டுட்டுப் போனதுதான் எனக்க கடைக்க சரித்திரம். இந்த வாய் எனக்கு அப்பாக்கிட்ட இருந்து வந்தது. அப்பா முப்பத்தொண்ணு வருஷம் டிரான்ஸ்போர்ட் பஸ் ஓட்டினவரு, யூணியன்காரரு. எந்த ஆப்பீசர் கூப்பிட்டாலும் கசேரையை இழுத்துப்போட்டு இருந்துதான் பேசுவாரு. "நிக்கச் சொன்ன உடனே நிக்க நான் என்ன பஸ்ஸா?"ன்னு கேப்பாரு. ஊர்ல இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க.

அப்பாக்க அப்பா பேரு மாசிலாமணி. எங்க வீட்டுல சோறு இல்லாத நாள் உண்டு, மாசிலாமணி தாத்தாக்க கதை இல்லாத நாள் இல்ல. தாத்தாக்குக் கல்யாணம் நிச்சயிச்ச சமயம். பாறசாலை சந்தையில ஒரு சோடி தோல் செருப்பு வாங்கி, போட்டுக்கிட்டு ஆத்தங்கரைக் கொட்டாரத்துக்கு, ராஜாக்க அரண்மனைக்கு, முன்னால நடந்து போயிட்டாரு. அந்தக் காலத்துல நம்ம ஆளுக கொட்டாரத்து முன்னால செருப்புப் போட்டு நடக்கப்பிடாது, குடை பிடிக்கப்பிடாது. கொட்டாரத்து ஆளுக வந்து பிடிச்சு, அடிச்சு, அந்தச் செருப்பை அவருக்க தலையிலயே வச்சு, பாறசாலை வரைக்கும் நடத்தி விட்டாங்க. கல்யாணத்துக்குத் தாத்தா வெறுங்காலோடதான் வந்தாரு. சாகுற வரைக்கும் செருப்பே போடல்ல.

அப்பா இதை யூணியன் மீட்டிங்ல சொல்லுவாரு, கல்யாண வீட்டுல சொல்லுவாரு, சாவு வீட்டுலயும் சொல்லுவாரு. சொல்லி முடிச்சிட்டு, "நான் ஒருநாள் அதே கொட்டாரத்துக்குள்ள செருப்போட நடப்பேன், பாருங்க"ன்னு மீசையைத் தடவுவாரு. நடக்கதுக்கு வழி இல்ல. கொட்டாரம் பூட்டிக் கிடந்துது, பாம்பும் மரநாயும்தான் உள்ள நடந்துது. ரெண்டு வருஷம் முன்னால ஒரு டிரஸ்ட்டுக்காரங்க அதை எடுத்துப் புதுக்கி, மியூசியம் ஆக்கி, டிக்கெட் வச்சுத் திறந்து விட்டாங்க. திறந்து என்ன புண்ணியம்? உள்ள போகணும்னா செருப்பைக் கழத்தி வெளிய வைக்கணும். கறுப்புத் தரையாக்கும், கண்ணாடி மாதிரி மின்னும், கீறல் விழப்பிடாதாம். ராஜா மந்திரி ஆரு வந்தாலும் அதுதான் சட்டம்னு போர்டு வச்சிருக்காங்க. அப்பா பேப்பர்ல அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் மீசையைத் தொடல்ல.

ஆனா அவருக்கு ஒரு வழி உண்டுன்னு கண்டுபிடிச்சது நானாக்கும். அப்பாக்கு சுகர் வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. கடைசி ஆறு வருஷமா ரெண்டு பாதமும் மரத்துப் போச்சு. முள்ளு கேறினாலும் தெரியாது, தீக்கங்கை மிதிச்சாலும் தெரியாது. கறுத்த ரப்பர் வச்ச செருப்பு ஒண்ணு செய்து தந்து, வெறுங்காலோட ஒரு அடி வைக்கப்பிடாது, வீட்டுக்குள்ளயும் போடணும்னு டாக்டரு சொல்லியாச்சு. சர்ச்சுல கூட அவரு செருப்போடதான் போய் இருப்பாரு, பாதிரியாரே சம்மதிச்சாச்சு. தினமும் சாயங்காலம் அவருக்க பாதத்தைக் கழுவி, அடியில கண்ணாடி பிடிச்சுப் பாத்து, எண்ணெய் தேச்சு விடுதது எனக்க வேலை. "அவருக்கு வலி தெரியாது அம்மா, அவருக்குப் பதிலா நீங்கதான் தெரிஞ்சுக்கணும்"னு டாக்டரு என்கிட்டத் தனியாட்டு சொல்லியிருந்தாரு.

நான் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த டாக்டருகிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கினேன். இந்த நோயாளி எல்லா இடத்துலயும் செருப்புப் போட்டே நடக்கணும்னு. வாங்கினதோட நிக்கல்ல, அதை லாமினேட் பண்ணினேன். சண்டைக்குப் போறவளுக்கு ஆயுதம் கசங்கப்பிடாது, பாத்துக்கிடுங்க.

மார்ச்சு மாசம் அப்பாக்கு எண்பத்தொண்ணு தொடங்கின அன்னைக்குப் போனோம். நானும் அப்பாவும் எனக்க மகள் லிஷாவும். லிஷா திருவனந்தபுரத்துல வக்கீலுக்குப் படிக்கிதா, காரும் அவதான் ஓட்டினா. அப்பா இஸ்திரி போட்ட வேட்டி கட்டி, செருப்பை ஈரத்துணி வச்சுத் துடைச்சு, முன் சீட்டுல ஏறி இருந்தாரு. வழி நெடுக மாசிலாமணி தாத்தாக்க கதைதான். அன்னைக்கு எனக்கு அது சலிக்கல்ல. எனக்கே கண்ணு நிறைஞ்சுது, சத்தியமாட்டு.

கொட்டாரத்துல இறங்கினதும் லிஷா டிக்கெட் எடுக்க வரிசையில போயி நின்னா. நானும் அப்பாவும் பூமுகத்துக்கு, அதான் முன்வாசல் படிக்கு, வந்தோம். அங்கதான் சதாசிவன் நின்னுக்கிட்டு இருந்தான். ஐம்பது ஐம்பத்திரண்டு வயசு இருக்கும், காக்கி சட்டை, கழுத்துல ஒரு அட்டை. அவனும் வெறுங்கால்தான். நான் லெட்டரை வாளு மாதிரி நீட்டினேன். சண்டைக்கு வேண்டிய வாக்கெல்லாம் வீட்டுல இருந்தே அடுக்கி வச்சிருந்தேன்.

அந்த மனுஷன் லெட்டரைப் படிக்கக்கூட இல்ல. அப்பாக்க காலைப் பாத்தான். "சுகர் ஆணோ சேச்சி? எனக்க அம்மாக்கும் இதே செருப்புத்தான். குழப்பமில்ல, மாமா செருப்பைப் போட்டுக்கிட்டே வரட்டும். தரையில அழுக்கு விழுந்தா துடைக்கப்போறது நான்தானே"ன்னு சிரிச்சான். ஒரு ஈரத்துணி கொண்டு வந்து, அப்பாக்க செருப்புக்க அடியைத் துடைச்சும் தந்தான். குனிஞ்சு, தரையில முட்டுப்போட்டு இருந்து துடைச்சான். கொட்டாரத்து ஆளு ஒருத்தன் எங்க அப்பாக்க செருப்பைத் துடைக்கான். மாசிலாமணி தாத்தா பாக்க இல்லாமப் போனாரேன்னு எனக்கு நெஞ்சு விம்மிச்சு.

"கேறும் மாமா"ன்னான் சதாசிவன்.

அப்பா ஒரு காலைத் தூக்கி முதல் படியில வச்சாரு. உள்ள பாத்தாரு. அந்தக் கறுப்புத் தரை, தேக்குத் தூணு, மேலயிருந்து சங்கிலி போட்டுத் தொங்குத குதிரைக்காரன் விளக்கு. மடக்கிக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கீழ விட்டாரு. பொறவு தூணைப் பிடிச்சுக்கிட்டு, பைய குனிஞ்சு, செருப்புக்க பட்டையை இழுத்தாரு.

"அப்பா, என்ன செய்யுதிய? அவருதான் போட்டுக்கிட்டு வரச் சொல்லியாச்சே?"

"வேண்டாம் மக்கா"ன்னாரு. குரலே எழும்பல்ல. "கொட்டாரமாக்கும்."

கொட்டாரமாக்கும்! கர்த்தருக்கு முன்னால கழத்தாத செருப்பாக்கும் அது. மினிஸ்டர் வந்த மேடையில கால்மேல கால் போட்டு இருந்த மனுஷனாக்கும். எனக்கு வந்த தேச்சியத்துக்கு அளவு இல்ல. "மாமா, வேண்டாம், பின்பக்கம் முற்றத்துத் தரை சுடும், போட்டுக்கிடும்"னு சதாசிவன் ரெண்டு தடவை சொன்னான். அப்பா கேக்கல்ல. செருப்பைக் கழத்தி, ரெண்டையும் சேத்து, வாசலுக்கு ஓரமாட்டு, ஆருக்க கண்ணுலயும் படாத இடத்துல கொண்டு வச்சாரு. பள்ளிக்கூடத்துல பிந்தி வந்த பிள்ளை மாதிரி பம்மிக்கிட்டு உள்ள கேறினாரு. எனக்கு அவரைப் பாக்கவே பிடிக்கல்ல. செரி, சவம், நடந்து தொலையட்டும்னு விட்டேன். நான் விட்டேன். இதையும் எழுதிக்கிடுங்க.

லிஷா டிக்கெட்டோட வரும்போது நாங்க உள்ள போயாச்சு. வேட்டி இறங்கிக் கிடந்ததால அவ தாத்தாக்க காலைக் கவனிக்கல்ல, போனை வச்சுப் படம் எடுக்கதுல இருந்தா. பல்லக்கைப் பாத்தோம், சீனத்துப் பரணிச் சாடியைப் பாத்தோம், ராணி குளிச்ச எண்ணெய்த் தோணியைப் பாத்தோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள ராஜாக்க பாதக்குறடு இருந்துது, யானைத்தந்தக் குமிழு வச்சது. பட்டு விரிச்சு, மேல லைட்டும் போட்டு வச்சிருக்கான். அப்பா அதுக்கு முன்னால நின்னாரு, வெறுங்காலோட, கையைக் கட்டிக்கிட்டு. நான் "வாங்க போவோம்"னு அவருக்க கையைப் பிடிச்சு இழுத்தேன்.

ஆயுதப்புரை பின்பக்கத்துல தனிக் கட்டிடம். அங்க போக ஒரு கல்லுமுற்றத்தைத் தாண்டணும். கயிற்றுப்பாய் விரிச்சிருக்கு, அது வழியா மட்டும் போங்கன்னு சதாசிவன் ஓடிவந்து சொல்லிட்டுப் போனான். மணி பன்னிரண்டரை. லிஷா முன்னால ஓடிட்டா. பாதி முற்றத்துல வந்ததும் அப்பாக்கு உயிர் வந்துட்டுது. பாயை விட்டுக் கல்லுல இறங்கி, "அன்னா அந்தப் பக்கத்து வாசல்தான் மக்கா, அங்க வச்சுத்தான் எங்க அப்பாவைப் பிடிச்சாங்க"ன்னு கையை நீட்டி, கதையை முதல்ல இருந்து தொடங்கிட்டாரு. நானும் கல்லுல கால் வச்சேன். எனக்க கர்த்தாவே, தோசைக்கல்லு! ஒரே ஓட்டமா ஓடி வராந்தா நிழல்ல கேறி நின்னேன். அங்க நின்னுக்கிட்டு, எனக்க உள்ளங்காலை ஊதிக்கிட்டு, "செரி செரி, கதை போதும், வாங்க"ன்னு கூப்பிட்டேன். அவரு வரல்ல. அடி விழுந்ததையும் செருப்பைத் தலையில வச்சதையும் நடிச்சுக் காட்டிக்கிட்டு நின்னாரு. ஒரு பத்து நிமிஷம். எனக்கு அப்பவும் கோபந்தான் இருந்துது. இப்ப என்ன வீரம் வேண்டிக் கிடக்கு, அங்க கழத்திட்டு இங்க நின்னு கதை சொல்லுதாருன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

எனக்குக் கால் சுட்டுது, நான் ஓடினேன். அவருக்குச் சுடல்ல, அவரு நின்னாரு. இது எனக்குத் தெரியாத காரியம் ஒண்ணும் இல்ல. ஆறு வருஷமா அந்தக் காலை மடியில வச்சுப் பாத்தவ நான்.

சாயங்காலம் கண்ணாடி பிடிச்சப்ப வலது பாதம் முழுக்கத் தோலு கழண்டு, பப்படம் மாதிரி பொந்தி நின்னுது. இடது கால் ஒருவிதம் தப்பிச்சுது. பத்து நாள் புண்ணு, இருபதாம் நாள் கறுப்பு, ஏப்ரல் கடைசியில முட்டுக்குக் கீழ வச்சு எடுத்தாச்சு. டாக்டருமாருக்க மேல குத்தம் சொல்ல எதுவும் இல்ல, அவிய செய்ய வேண்டியதைச் செய்தாவ.

ஆப்பரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் லிஷா கேட்டா. "தாத்தா, உங்களுக்குச் செருப்பைக் கழத்தப்பிடாதே, டாக்டர் லெட்டரும் இருந்துதே. பொறவு எப்பிடி?"

அப்பா என்னைப் பாத்தாரு. நான் கஞ்சியை ஆத்திக்கிட்டு இருந்தேன். "அந்தக் காவல்காரன் விடல்ல மக்கா"ன்னாரு. "கழத்தினாத்தான் உள்ள விடுவேன்னுட்டான்."

நான் அப்பவே வாயைத் திறந்திருக்கணும். ஊரையே வாங்குத வாய்தானே. ஆனா திறந்தா அடுத்த கேள்வி என்ன வரும்? அப்பா முற்றத்துல நிக்கும்போது நீ எங்க நின்னன்னு வரும். கஞ்சி நல்லா ஆறிட்டுது, நான் பின்னும் ஆத்திக்கிட்டே இருந்தேன்.

லிஷா சும்மா இருக்கப்பட்டவ இல்ல, எனக்க ரத்தம்தானே. மாசிலாமணி தாத்தாக்க கதையையும், எலியா தாத்தாக்க வெட்டின காலையும் சேத்து எழுதி ஃபேஸ்புக்ல போட்டா. தொண்ணூத்தஞ்சு வருஷமாச்சு, கொட்டாரத்து வாசல் மாறல்லன்னு தலைப்பு. அது எங்கெல்லாமோ போச்சு. சேனல்காரன் வீட்டுக்கு வந்தான். டிரஸ்ட்டுக்குப் புகாரும் எழுதிக் கொடுத்தா. அதுல சதாசிவனுக்க பேரும் அடையாள நம்பரும் இருந்துது. அப்பா கட்டிலில இருந்துக்கிட்டே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டாரு. வரதும் போறதுமான ஆளுகளுக்கு முன்னால அவருக்க குரல் பழையபடி எழும்பிட்டுது. காலு போன மனுஷன் மாதிரியே இல்ல.

விசாரணைக்கு நாலு நாள் முன்னால சதாசிவன் கடைக்கு வந்தான். அதியன்னூர்ல இருந்து பஸ் மாறி வந்திருக்கான். உள்ள வரல்ல, வாசல்லயே நின்னான்.

"சேச்சி, நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல்ல. மாமா வயசானவரு, ஓர்மை மாறியிருக்கும். நீங்க பக்கத்துல நின்னிய. நடந்தது என்னவோ அதை மட்டும் சொன்னாப் போதும். ஒம்பது வருஷமா வேற வேற இடத்துல காண்ட்ராக்ட்டா நிக்கேன், இங்கதான் இந்த வருஷம் நிரந்தரம் ஆக்குவோம்னு சொல்லியிருக்காங்க."

"சொல்லுவேன்"னேன். உள்ளபடியே சொல்லணும்னுதான் இருந்தேன், சத்தியமாட்டு.

அவன் போகத் திரும்பினவன் நின்னான். "உங்க மகள் எழுதினதைப் படிச்சேன். எங்க அப்பூப்பனும், அப்பாக்க அப்பா, அந்தக் கொட்டாரத்துக்குக் கூலி இல்லாம நெல்லு குத்தப் போனவருதான் சேச்சி. அவருக்கும் முதுகுல தழும்பு உண்டு. நான் அங்க காக்கி போட்டு நிக்கதைப் பாக்க அவருக்குக் கொடுத்து வைக்கல்ல"ன்னுட்டு, சிரிக்கப் பாத்தான். வரல்ல. பஸ் வந்ததும் போயிட்டான்.

விசாரணை ஜூன்ல, கொட்டாரத்து ஆப்பீஸ் ரூம்ல. மேசைக்குப் பின்னால டிரஸ்ட்டு செக்ரட்டரி, ஒரு கிளார்க்கு. அப்பா சக்கர நாற்காலியில, வேட்டியை மடக்கி முட்டுக்குக் கீழ வெட்டின கால் தெரியும்படி இருந்தாரு. லிஷா பக்கத்துல. சதாசிவன் சுவரோரமா நின்னான். பூமுகத்துல காமரா இல்லன்னு கிளார்க்கு சொன்னாரு. அப்பா தெளிவாட்டு, ஒரு வாக்குத் தெற்றாமச் சொன்னாரு. அவன் கழத்தச் சொன்னான், நான் நோயாளின்னு சொன்னேன், அவன் கேக்கல்ல.

சதாசிவன் அப்பாவைத் திட்டல்ல. "சாரே, நான் செருப்போட போகத்தான் சொன்னேன். அந்தச் சேச்சிகிட்ட கேளுங்க"ன்னு என்னைக் காட்டினான். "சேச்சி கள்ளம் சொல்ல மாட்டாங்க."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. லிஷாக்க முகத்துல ஒரு பெருமை. அப்பா என்னைப் பாக்கல்ல, தரையைப் பாத்தாரு. அவருக்க கை நாற்காலிக்க சக்கரத்தைப் பிடிச்சிருந்துது. உள்ளதைச் சொன்னா இந்த மனுஷன் இந்த அறையில, இந்தப் பிள்ளைக்கு முன்னால, அவருக்க அப்பாவை விடத் தாழ்ந்து போவாரு. மாசிலாமணி தாத்தாவையாவது அடிச்சுத்தான் கழத்த வேண்டி வந்துது. நல்லா இருக்குதா, அப்பாக்காகத்தான் சொன்னேன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட எவ்வளவு எளுப்பமா இருக்குன்னு பாத்தியளா? முற்றத்துல நான் எங்க நின்னேன்னு ஆரும் இதுவரைக்கும் கேக்கல்ல. இனி கேக்கவும் மாட்டாங்க. அதுக்காகவும்தான்.

"கழத்தச் சொன்னாரு"ன்னேன்.

"ஆரு?"ன்னு செக்ரட்டரி கேட்டாரு.

"இவருதான்."

சதாசிவன் கழுத்துல கிடந்த அட்டையைக் கழத்தி, வாரை மடக்கி, ஆரும் கேக்கதுக்கு முன்னாலயே மேசையில வச்சான். என்னைக் கடந்துதான் வெளிய போகணும், இடிச்சிரப்பிடாதுன்னு ஒதுங்கிப் போனான்.

திரும்பி வரும்போது லிஷா பாதி வழியில, ஒரு புளிமரத்து நிழல்ல காரை நிப்பாட்டினா. போனை எடுத்து என்கிட்டத் திருப்பினா. "கேஸ் செயிச்சாச்சு, ஒரு வீடியோ போடணும்மா. எல்லாரும் கேக்காங்க. அந்தாளு எப்பிடிச் சொன்னான்? அந்த வாக்கை அப்படியே சொல்லு."

அப்பா முன் சீட்டுல இருந்தாரு. கண்ணை மூடியிருந்தாரு, உறங்கல்ல, எனக்குத் தெரியும்.

"எப்பிடிம்மா சொன்னான்?"

நான் முந்தானையை இழுத்துச் சரியாக்கினேன். "எலே கிழவா, உன் வீட்டுத் திண்ணைன்னு நெனைச்சியா? செருப்பைக் கழத்துலே"ன்னு சொன்னேன். கையையும் ஓங்கிக் காட்டினேன்.

நல்லா வந்துதுன்னு லிஷா சொன்னா. ரெண்டாந் தடவை எடுக்க வேண்டி வரல்ல.